அரை மில்லிமீட்டர்

ஏலம் மணக்கும் சாந்தன்பாறையில் வளர்ந்த எனக்கு, 'பிழைக்க வந்தவர்கள்' என்ற சொல் புதிதன்று. அதனாலேயே இளவேனில் வாலறிவனின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டது. கடலூரில் 1999-இல் பிறந்தவர், அகமதாபாத்தில் வளர்ந்தவர். 10 மீட்டர் ஏர் ரைபிள் அவரது களம். இலக்கின் நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர்; சுட வேண்டியதோ 60 முறை!

2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 16-ஆம் இடம். 2024-இல் பாரிசில் 10-ஆம் இடம். இறுதிச் சுற்றுக்கோ எண்மரே செல்வர். ஆயினும் அவர் துப்பாக்கியைக் கீழே வைத்தாரில்லை. 2025-இல் ஆசியப் போட்டியில் தங்கம் அவரைத் தேடி வந்தது.

தோழர்களே, ஆய்வுக்கூடத்தில் அதே அளவையை மீண்டும் மீண்டும் எடுத்துக் கை சோரும்போது, அவரது அறுபதாவது குண்டை நினைத்துக்கொள்கிறேன். எந்த ஊரான் என்று அளவுகோல் என்னைக் கேட்பதில்லை; கை நடுங்கியதா என்று மட்டுமே கேட்கிறது.