லண்டன் என்னை எழுப்பவில்லை

"ஒபிஸ்ல விடுறாங்க இல்ல" என்று என் மனைவியிடம் வருடக்கணக்காக நான் சொல்லிவந்தது பொய். ஒபிஸில் எப்போதோ விட்டுவிட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இது என் வீட்டோடு நின்றிருந்தால் வீட்டுக்குள்ளேயே பேசி முடித்திருப்பேன். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் இதனால் கெடுதி வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் ஒரு கணக்காளர் நிறுவனத்துக்காக சாய்ந்தமருதிலிருந்து வேலை செய்கிறேன். அங்குள்ள சிறு கடைகள், சாப்பாட்டுக் கடைகளின் வரவு செலவைப் பதிய வேண்டும், வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வற் கணக்கு தயாரிக்க வேண்டும். 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு போடுவதற்குச் சற்று முன்னர், கொழும்பு ஒபிஸைப் பூட்டியதும் லப்டொப்போடு பஸ் ஏறி வந்தவன் பிறகு திரும்பிப் போகவே இல்லை. லண்டனுக்கும் எங்களுக்கும் கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் ஐந்தரை. அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் எங்களுக்குப் பகல் ஒன்றரை அல்லது இரண்டரை. அவர்கள் ஐந்து மணிக்குக் கதவை மூடும்போது இங்கே ஒன்பதரை அல்லது பத்தரை. ஆக, சுபஹிலிருந்து லுஹர் வரைக்கும் முழுக் காலையும் எனக்குச் சொந்தம். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடலாம், மீன் வாங்கிவரலாம், மருதமுனையில் இருக்கும் உம்மாவைப் பார்த்துவரலாம். எங்கள் கரையில் எத்தனை பேருக்கு இந்த வசதி வாய்த்திருக்கிறது?

நான் அந்தக் காலைகளை வேலைக்குக் கொடுத்தேன். யாரும் கேட்காமலே கொடுத்தேன். சுபஹ் தொழுத கையோடு லப்டொப்பைத் திறப்பேன். இரவு பத்தரைக்கு அவர்கள் போன பிறகும் மூடமாட்டேன். ஜனவரி 31 அவர்களுடைய வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள். அதற்கு முந்திய வாரங்களில் உண்மையிலேயே மூச்சுவிட நேரம் இருக்காது, அந்த நாட்களை நான் குற்றத்தில் சேர்க்கவில்லை. ஒரு அவசரமும் இல்லாத ஜூன் மாதத்து இரவுகளைத்தான் சொல்கிறேன். என் மனேஜர் ஒவ்வொரு வருட மதிப்பீட்டிலும் 'வேலை நேரத்துக்கு வெளியே வேலை செய்ய வேண்டாம்' என்று எழுத்தில் தந்தார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஏன் இப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தால் வெட்கமான ஒரு பதில்தான் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடிந்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். மாமாவும் மாமியும் கட்டிய வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். மாமா விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் விடியமுன் சம்மாந்துறைப் பக்கத்து வயலுக்குப் போய்விடுவார். அவருக்கு முன்னால், காலை ஒன்பது மணிக்குச் சாரனோடு வாசலில் இருக்கும் மருமகனாக இருக்க என்னால் முடியவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகவே நினைத்துக்கொண்டேன், வீட்டில் சும்மா இருக்கிற ஆம்பிளை என்று எண்ணுவார்களோ என்று. அதற்காக எந்நேரமும் வேலையில் இருப்பவனாகக் காட்டிக்கொண்டேன். பிறகு அது காட்டுவதற்கானதாகவும் இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத நேரம் வந்தால் என்ன செய்வதென்று தெரியாத மனிதனாக ஆகிவிட்டேன்.

மருமகனிடம் "போதும், எழும்புங்க" என்று யார் சொல்வார்? மாமி டீவியின் சத்தத்தைக் குறைப்பார். பிள்ளைகள் சண்டை பிடித்தால், "வாப்பா லண்டனோட பேசுறார், சத்தம் போடாதீங்க" என்று பின்வளவுக்குக் கூட்டிப்போவார். பல நேரம் நான் லண்டனோடு பேசிக்கொண்டிருக்கவில்லை. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முன்னமே சரிபார்த்த கணக்கைத் திரும்பவும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் மரியாதைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

என் வாப்பாவும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்தான். மருதமுனையில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் குழித்தறி இருந்தது. அவர் தறியில் இருக்கிறாரா இல்லையா என்பது ஒழுங்கை முழுக்கக் கேட்கும். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது எங்கள் தறியும் பக்கத்து வீட்டுத் தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாப்பாவைப் பெரிய மகானாக்க நான் விரும்பவில்லை. பெருநாள் நெருங்கினால் உம்மாவும் ராத்தாமாரும் சாமம் வரைக்கும் நூல் சுற்றியிருக்கிறார்கள், அதற்கு யாரும் கூலி கணக்குப் பார்த்ததில்லை. ஆனால் சாரன் நெய்து மடித்து முதலாளியிடம் கொடுத்துவிட்டால் அது முடிந்தது. தறியைப் படுக்கைக்குக் கொண்டுபோக முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து தறியைக் கொண்டுபோனது, வாப்பா பிறகு தறி போடவில்லை. அவர் வீட்டிலிருந்து செய்ததையும் நான் வீட்டிலிருந்து செய்வதையும் ஒன்றென்று சொல்லி உம்மாவைச் சமாளித்திருக்கிறேன். ஒன்றில்லை. என் வேலைக்குச் சத்தம் இல்லை. போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு நான் பதில் எழுதுவது பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் கேட்காது. யாருக்கும் கேட்காததால் யாரும் நிறுத்தவில்லை.

2022 வந்தது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. மார்ச் 31 அன்று நாட்டில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நிறுத்தினார்கள். ஜூனில் அரச ஊழியர்களையே வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னார்கள். நிலைமை தெரிந்து லண்டனில், 'முடிந்தபோது செய்யுங்கள், கவலைப்படாதீர்கள்' என்றார்கள். நான் செய்தது இது: மாமி விறகடுப்பில் புகையோடு சமைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், கையில் இருந்த காசுக்கு ரூட்டரையும் லப்டொப்பையும் ஓட்ட ஒரு பெரிய பட்டறியும் இன்வேர்ட்டரும் வாங்கினேன். பிள்ளைகள் வியர்வையில் புரண்டு படுத்த இரவுகளில் அதில் ஒரு மின்விசிறியைக்கூட மாட்டவில்லை. ஒபிஸ் வேலைக்குத்தான் அது என்றேன். ஒபிஸ் கேட்காத வேலைக்கு.

பக்கத்து வீட்டுக்காரர் கத்தாரில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்ட பிறகு வீடியோ கோல் எடுப்பார். அவருடைய மகள் கொப்பியைத் திறந்து காட்டுவாள், அவர் பக்கம் பக்கமாகப் பார்ப்பார், எழுத்துப் பிழை சொல்வார். கடல் தாண்டி இருக்கும் அந்த மனிதர் தன் பிள்ளையின் கொப்பியைப் பார்த்த அளவுக்கு, ஒரே கூரையின் கீழ் இருந்த நான் என் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கவில்லை.

தொழுகையையும் சொல்லியாக வேண்டும். என் வேலை நேரத்துக்குள் அஸர், மஃரிப், இஷா மூன்றும் வருகின்றன. எழும்பிப் போ என்று பள்ளியிலிருந்தே மூன்று தடவை அழைப்பு வருகிறது. வேலையை நிறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை எந்தக் கம்பனியும் செய்து தராது. ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிற சூராவை ஓதி வளர்ந்தவன் நான். அந்த நான் ஜமாஅத்தை விட்டேன். வீட்டிலேயே முஸல்லாவை விரித்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொழுதேன். சுஜூதில் இருக்கும்போது அது அதிர்ந்தால் என் மனம் எங்கே போகும் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும். நோன்பு காலத்தில் ஒபிஸில் நேரத்தைக் குறைத்துத் தந்தார்கள். தராவீஹுக்கும் ஸஹருக்கும் இடையில் அதையும் வேலையால் நிரப்பினேன்.

பிரான்சில் 2017 ஜனவரியிலிருந்தும் அவுஸ்திரேலியாவில் 2024 ஓகஸ்டிலிருந்தும், வேலை நேரம் முடிந்த பிறகு ஒபிஸ் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. எங்கள் நாட்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954ஆம் ஆண்டிலேயே நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து என்று எல்லை போட்டது. இவற்றை வாசித்து, இங்கேயும் அப்படியொரு உரிமை வேண்டும் என்று நண்பர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். இப்போதும் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சட்டம் வந்திருந்தால் அது நிறுத்தியிருக்க வேண்டியது லண்டனை இல்லை. என்னை.

ஏனென்றால் எனக்குக் கீழே சிலர் வேலை செய்தார்கள். எல்லோரும் இந்தக் கரையைச் சேர்ந்த பிள்ளைகள், எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள். அதில் ஒரு பெண்பிள்ளை, ஊரைச் சொல்ல மாட்டேன், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்து முடித்தவர். 1995இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்ததால் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தே போய்வந்து பட்டம் எடுத்தார்கள். படித்த பிறகு கொழும்புக்கு அனுப்ப வீட்டில் விட மாட்டார்கள். இந்த மாதிரி வேலைதான் அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி. அந்தப் பிள்ளை கெட்டிக்காரி. அவர் பார்த்த கணக்கை நான் திரும்பப் பார்க்கத் தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன், இரவு பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும். பார்த்துவிட்டு உடனே வட்ஸ்அப்பில் கேட்டேன்: இந்த பில் எங்கே, அந்தத் தொகை ஏன் இப்படி. காலையில் கேட்டிருக்கலாம். அவர் சில நிமிடத்தில் பதில் போடுவார். நல்ல பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் வேலையை விடுவதாகக் கடிதம் அனுப்பினார். கேட்டதற்கு, "வீட்டில வேணாமாம் சேர்" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. பழக்கி எடுத்த ஆள் போகிறாரே என்ற கோபம். லண்டனுக்கு எழுதும்போது, இங்குள்ள பெண்பிள்ளைகளின் குடும்பங்கள் வேலையைத் தொடர விடுவதில்லை என்று எழுதினேன். அந்த வரியை எழுதியவன் நான்.

பல மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டில் பெண்கள் பேசிக்கொண்டதை என் மனைவி கேட்டு வந்தாள். சாமத்தில் மகளின் போன் வெளிச்சம் போட்டதைப் பார்த்து, "ஆருகா இந்த நேரத்தில?" என்று அந்தத் தாய் கேட்டிருக்கிறார். ஒபிஸ் என்றால் நம்பவில்லை. லண்டனிலும் ஒபிஸ் பூட்டிய நேரம்தானே அது. கலியாணப் பேச்சு ஒன்று நடந்துகொண்டிருந்த நேரம் வேறு. முதலில் போனை வாங்கி வைத்தார்கள், பிறகு வேலையே வேண்டாம் என்றார்கள்.

"லண்டன்ல இருந்தா அந்தப் பிள்ளைக்கு ராவைக்கு மெசேஜ் வந்த?" என்று மனைவி கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. அத்தனை வருடம் சொன்ன பொய்தானே. சொல்லவில்லை. நான்தான் அனுப்பினேன், அவசரம் ஒன்றும் இருக்கவில்லை என்றேன். அதோடு மற்றதெல்லாம் வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. "அப்ப எங்களுக்குச் சொன்னதெல்லாம்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவளையும் மாமியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பிள்ளையின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் முன்னால் போனைத் திறந்து, அந்த மெசேஜ்கள் என்னுடையவை, எல்லாம் கணக்கு விசயம்தான், பிழை முழுக்க என்மேல் என்றேன். தாய் ஒவ்வொன்றாக வாசித்தார். தகப்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதைக் காலையில கேட்டிருக்கலாமே மகன்" என்றார். கலியாணப் பேச்சு வேறு காரணத்தால் நின்றது என்றார்கள். அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம்.

லண்டனுக்கும் எழுதினேன், முன்பு நான் எழுதியது உண்மை இல்லை என்று. இப்போது எங்கள் குழுவில் அவர்களுடைய ஐந்து மணிக்குப் பிறகு யாரும் யாருக்கும் எழுதுவதில்லை. நான் லப்டொப்பை மாமாவின் வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு வருகிறேன், எடுக்க வேண்டுமென்றால் அவரை எழுப்ப வேண்டும். போனில் இன்னும் கை போகிறது, அதையும் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்த இடத்துக்கு ஏற்கனவே வேறொருவரை எடுத்தாயிற்று. அடுத்த இடம் வரும்போது சொல்வதாக எழுதியிருக்கிறார்கள், அவரிடமும் சொல்லியிருக்கிறேன். "சரி சேர், பார்ப்பம்" என்றார்.