என்னடா, ஹேங் ஆயிடுச்சா?

மெட்டல் மியூஸிக்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? முடியைச் சுழட்டி ஆடுற கும்பல், தடதடன்னு டிரம்ஸ், அதானே? நானும் அப்படித்தான் நினைச்சேன், ரூம்மேட் அவனோட இயர்போன்ல ஒண்ணை என் காதுல செருகுற வரைக்கும்.

டொம்ம்ம்... அப்புறம் ஒண்ணையும் காணோம். 'என்னடா, ஹேங் ஆயிடுச்சா?'ன்னேன். 'இரு'ன்னான். அடுத்த அடி விழறதுக்குள்ள ஒரு டீயே ஆத்திடலாம்.

அதுக்குப் பேர் ஃபியூனரல் டூம் மெட்டல். சவ ஊர்வலத்தோட நடையில போற மெட்டல். 90-களின் ஆரம்பத்தில் பின்லாந்தின் தெர்கோதான், ஸ்கெப்டிஸிஸம் குழுக்கள் போட்டுத் தந்த பாதை. கனத்த கிதார், பின்னால் சர்ச் ஆர்கன் மாதிரி ஒரு ஓசை, கிணத்தடியில இருந்து உறுமுற குரல். பத்து, பதினைஞ்சு நிமிஷம்னு பாட்டு நீளும். (சிலது நிஜமாவே போர், ஒப்புக்கிறேன்.) அன்னிக்குச் சிரிச்சுட்டுத் தூங்கிட்டேன்.

போன செமஸ்டர்ல அப்பத்தா போயிட்டாங்க. எங்க ஊர் சாவு மேளம் தெரியும்ல? எழவு வீட்டையே எழுந்து ஆட வைக்கும். மாமாக்கள் ஆடினாங்க. நான் பந்தலுக்கு சேர் தூக்கினேன், டீ கொடுத்தேன், ஐஸ் பெட்டிக்கு ஆள் அனுப்பினேன். அழ நேரமில்லை. மூணாம் நாள் பால் ஊத்திட்டு பஸ் ஏறினேன். மறுநாள் இன்டர்னல்!

ஒரு வாரம் கழிச்சு ரூம்மேட் எதுவும் பேசாம மொபைலை நீட்டினான். 'மிரர் ரீப்பர்'. சியாட்டிலைச் சேர்ந்த பெல் விட்ச் குழு 2017-ல வெளியிட்ட ஆல்பம். மொத்தமே ஒரே பாட்டு, 83 நிமிஷம்! கிதாரே கிடையாது, பாஸ், டிரம்ஸ், ஆர்கன், குரல், அவ்வளவுதான். குழுவை ஆரம்பிச்ச இருவரில் ஒருவரான டிரம்மர் ஏட்ரியன் கெர்ரா 2016-ல இறந்துட்டார். முந்தைய ஆல்பத்துக்குப் பதிவு பண்ணி, பயன்படுத்தாம விட்ட அவரோட குரலை இந்தப் பாட்டுக்குள்ள வெச்சிருக்காங்க. செத்துப்போன நண்பனுக்கு அவனே பாடுறான், யோசிச்சுப் பாருங்க!

மொட்டை மாடியில தனியா உட்கார்ந்து கேட்டேன். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல அவ்வளவு இடம். அந்த இடத்துல அப்பத்தாவோட சுருக்குப் பை வந்துச்சு, வெத்தலை வாசம் வந்துச்சு, 'சாப்பிட்டியா சாமி'ங்கிற குரலும் வந்துச்சு. அப்புறம்தான் அழுதேன். பாட்டுக்கு அவசரமே இல்லை, எனக்கும் இல்லை.

கீழே இறங்கினப்ப மெஸ்ஸை மூடிட்டாங்க. ரூம்மேட் ஒரு தட்டுல நாலு சப்பாத்தி மூடி வெச்சிருந்தான்.