களிம்பு

ஆடி மழை கூடலூர் மலைச்சரிவில் இறங்கிவிட்டால், எங்கள் ஸ்ரீமதுரையில் ஈரம் சுவரையும் விடாது, கிதாபின் ஏட்டையும் விடாது. அத்தகைய ஒரு வியாழனன்று எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் நின்றுபோயிற்று. விளக்கு எரிந்தது, உருளை சுழலவில்லை.

"அளவு மீறித் துணியைத் திணித்திருப்பாய்" என்று இல்லாளைக் கடிந்துகொண்டேன். "நாலே துணிதான் போட்டேன்" என்றவள், மறு பேச்சின்றி வாளியுடன் கிணற்றடிக்குச் சென்றாள். மறுநாள் ஜும்ஆவுக்கான என் வெள்ளைச் சட்டையும் அந்த வாளியில் இருந்தது.

பழுது பார்ப்பவரோ தொலைபேசியிலேயே, "போர்டை மாற்ற வேண்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டார்.

பிளக்கைக் கழற்றினேன். கெப்பாசிட்டர்களில் மின்சாரம் எஞ்சியிருக்கும் என்பதால் சற்றுப் பொறுத்தே மூடியைத் திறந்தேன். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில் பியூஸ் நலமாயிருந்தது. போர்டில் கருகிய தடமில்லை. கதவுப் பூட்டிலிருந்து வரும் கம்பியின் இணைப்பு முனையிலோ பச்சைக் களிம்பு! கதவு மூடிய செய்தி போர்டுக்கு எட்டவில்லை. எட்டாமல் அது உருளையைச் சுழற்றாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்கு உலர்த்திப் பொருத்தினேன். உருளை சுழன்றது.

1206-இல் தம் நூலை நிறைவுசெய்த அல்-ஜஸரீ, அர்துக்கிய மன்னருக்கு வுளூவுக்குத் தானே நீர் வார்க்கும் பொறியை அமைத்தவர். அத்தகையோரின் கலையை மாணவருக்குப் பெருமையுடன் சொல்பவன் நான். தீர விசாரியாமல் குற்றம் சுமத்தலாகாது என்றும் பாடம் நடத்துபவன்.

கிணற்றடிக்குச் சென்று வாளியை வாங்கிக்கொண்டேன். "பிழை என்னுடையது" என்றேன். குளிரில் விறைத்த கைகளை முந்தானையில் துடைத்தபடி அவள் சிரித்தாள். களிம்பு கம்பியில் மட்டும் இருக்கவில்லை, அன்பர்களே!