தென்காசியிலிருந்து குற்றாலத்திற்கு

தென்காசியிலிருந்து குற்றாலம் மூன்றரை மைல்தான். பஸ் ஏறினால் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடலாம். ஆயினும் நம்முடன் வந்த அத்தை, "காசிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை, இந்த யாத்திரையையாவது நடந்தே செய்கிறேன்" என்றார். எழுபத்திரண்டு வயதுப் பிடிவாதத்தை யார் மாற்றுவது?

விசுவநாதர் கோயில் வாசலில் சாரற்காற்று அங்கவஸ்திரத்தைப் பறித்தது. பராக்கிரம பாண்டியன் 1446-ல் தொடங்கிய திருப்பணி இது. பிற்காலத்தில் கோயிலுக்கு ஏதேனும் குறை நேர்ந்தால், அதைத் தீர்த்து வைப்பவர்களின் அடிபணிவதாக அம்மன்னன் கல்லில் பொறித்து வைத்தான். இன்னார் என்று அறியாதவர்களுக்கு முன்கூட்டியே ஒரு கும்பிடு! கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-ல்தான் ஒன்பது நிலைகளோடு எழுந்து குடமுழுக்குக் கண்டது. அரசன் போட்ட கும்பிடு உரியவர்களைச் சேர ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இலஞ்சி வழியே சுற்றிச் சென்றோம். குமாரர் சன்னிதியில்தான் அத்தையின் குதிகால் வெடிப்பில் இரத்தம் கசிவதைக் கண்டோம். வண்டி பேசினோம், அவர் காதில் போட்டுக்கொள்ளாமல் முன்னே நடந்தார். அப்புறம் வயலையும் மலையையும் யார் பார்த்தார்கள்? அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நடந்தோம்.

சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலை ஒட்டிப் பேரருவி இரைந்தது. அத்தை ஓடும் நீரில் காலை வைத்துக்கொண்டு, "ஏனப்பா, கங்கை இதைவிடக் குளிர்ச்சியாகவா இருக்கும்?" என்று கேட்டார்.

நாம் இரயிலேறிக் காசிக்குப் போய் வந்தவர்கள். அவரை அழைத்துப் போகாதவர்கள். அருவியின் இரைச்சலில் கேள்வி காதில் விழாதது போல் நின்றோம்.