ஏழு பேருக்கு ஒரு ஜீப்: இறக்குவானையிலிருந்து கேகாலை வரை



சப்ரகமுவ மாகாணத்தின் தோட்டப் பகுதிகளில் வாழ்பவர்களுக்கு ஜீப் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. உயரமாக, நான்கு பெரிய டயர்களோடு எது வந்தாலும் அது எங்களுக்கு ஜீப்தான். ஒரு காலத்தில் அது தோட்டத்துத் துரையின் வாகனம். அதன் சத்தம் கேட்டால் மலையில் கொழுந்து பறிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஒன்றை, அதுவும் பழையதொன்றை, ஒரு மௌலவி ஆசிரியர் தேடிப் புறப்பட்ட கதையைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

நான் இருப்பது இறக்குவானைக்கு மேலே, தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில். பெரிய றோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பாதையில் பாதி கொங்கிறீட், மீதி கல். இரத்தினபுரி மாவட்டத்தின் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினபுரி நகரில் வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் பெய்கிறது. அந்த மழை கல்லுக்கு அடியிலுள்ள மண்ணைக் கொண்டு போய்விடும், கல் மட்டும் எழுந்து நிற்கும்.

எங்களிடம் இருந்தது ஒரு சுசுகி எவ்ரி சிறு வேன். 660 சீசீ இயந்திரம், நான்கு பேருக்கான வாகனம். இரண்டு பிள்ளைகள் இருந்தபோது போதுமாக இருந்தது. இப்போது நான்கு பிள்ளைகள். வாப்பா மௌத்தான பிறகு உம்மாவும் எங்களோடுதான். ஆக ஏழு பேர். கடைசிப் பிள்ளை பிறக்கவிருந்த இரவு, மழையில் அந்த வேன் ஏற்றத்தில் ஏற மறுத்து நின்றுவிட்டது. கொழுந்து ஏற்றும் தோட்டத்து லொறியில்தான் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் அன்றே ஒரு முடிவுக்கு வந்தேன்.

முடிவு எடுப்பது இலகு, வாங்குவது அப்படியல்ல. 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடங்களில் நாட்டில் இருந்த பழைய வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. திறந்த பிறகும் வரி அதிகம் என்பதால், புதியதைப் பற்றி ஓர் ஆசிரியர் நினைத்துப் பார்க்க முடியாது. எங்களிடம் சேமிப்புக் கொஞ்சம், உம்மாவின் காணி விற்ற பணம் கொஞ்சம். மீதி, வேனை விற்றால்தான் வரும். அந்த வேனைப் பற்றி ஒரு விசயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2025 ஆகஸ்ட் விடுமுறையில் ஒரு நாள் சுபஹுத் தொழுதுவிட்டு மச்சானோடு புறப்பட்டேன். மச்சானுக்குக் கராஜ் பழக்கம் உண்டு. மாதம்பை, கஹவத்தை, பெல்மதுளை என்று இறங்கினால் இரத்தினபுரி. இந்த நகரத்துக்கு 1912இல் களனிப் பள்ளத்தாக்கு ரயில் வந்தது. பிறகு ஓப்பநாயக்க வரைக்கும் நீண்டது. 1970களில் அவிசாவளைக்கு இப்பால் பாதையை மூடிவிட்டார்கள். இன்று எங்கள் பக்கத்து மக்களுக்கு பஸ், முச்சக்கர வண்டி, இல்லாவிட்டால் சொந்த வாகனம். வேறு வழியில்லை.

இரத்தினபுரியில் நாங்கள் பார்த்தது ஒரு ஹைபிரிட் ஜீப். கண்ணாடி போல மின்னியது. "மௌலவி, பெற்றோல் குடிக்காது. குழந்தை மாதிரி" என்றார் விற்பவர். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று எண்ணி வாங்கிய நாட்களை மறக்காத எனக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்தது. ஆனால் மச்சான் ஆசனத்துப் பட்டியைக் கடைசி வரை இழுத்தார். அடிப்பகுதியில் மண்நிறத்தில் ஒரு கோடு. முன் ஆசனத்தின் கீழே கைவிட்டுப் பார்த்தார், தண்டவாளத்தில் துரு. மேலதிக டயர் வைக்கும் குழியில் உலர்ந்த வண்டல். என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசவில்லை.

வாசகர்களே, களு கங்கை பெருகும் ஊர் இது. 2003 மே, 2017 மே ஆகிய வெள்ளங்களை இரத்தினபுரி மறக்காது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது நாட்டின் பல பகுதிகளில் வெள்ளம் வந்தது. வெள்ளத்தில் நின்ற வாகனத்தைக் கழுவி, மெருகேற்றி, வாசனை தெளித்து விற்பது கடினமல்ல. தண்ணீர் போய்விடும், ஆனால் வயர் இணைப்புகளுக்குள் புகுந்த ஈரம் பச்சை பூத்து மெல்ல மெல்ல அரிக்கும். ஹைபிரிட் என்றால் பெரிய பெட்டரியும் அதன் மின்சுற்றும் சேர்ந்தே கெடும். எனவே இந்த மூன்று இடங்களையும் பார்க்காமல் எந்த வாகனத்துக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள். வாசனை கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே சந்தேகப்படுங்கள்.

குருவிட்ட, எஹெலியகொடை கடந்து அவிசாவளை. அங்கிருந்து கரவனல்லைப் பக்கம் திரும்பினால் தேயிலை குறைந்து இறப்பர் தொடங்கும். வெயில் ஏறிய பிறகும் மரங்களுக்குக் கீழே அந்திபோல இருள். ஒரு தோட்டத்துக்கு அருகில் பழைய லேண்ட் றோவர் ஒன்று விலைக்கு இருந்தது. 1948இல் இங்கிலாந்தில் முதலில் வந்த இனம், எங்கள் மலைகளில் இன்னும் ஓடுகிறது. ஏணி போன்ற சட்டத்தின் மேல் உடல் பொருத்தியது, எந்தக் கல்லையும் மிதித்துப் போகும். என் மனம் அதில்தான் இருந்தது. ஆனால் பின்னால் பக்கவாட்டு வாங்குகள். பட்டி கிடையாது. பிள்ளைகளை அதில் உட்காரவைத்து புலுதொட்டைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். உம்மாவின் முழங்காலையும் நினைத்தேன், அந்தப் படி அவர் இடுப்பு உயரம். தனி ஆளுக்கு நல்ல வாகனம், குடும்பத்துக்கு அல்ல.

புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது லுஹர் நேரம். தொழுதுவிட்டு, மாவனல்லைப் பக்கத்தில் மூன்றாவது ஜீப்பைப் பார்க்கப் போனோம். சொந்தக்காரர் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர். 2000களில் வந்த மிற்சுபிசி மொன்டெரோ, டீசல், ஏழு ஆசனம். அவர் முதலில் நீட்டியது தேநீர். பிறகு நீட்டியது ஒரு பழைய கொப்பி. எந்த வருடம் எதை மாற்றினார் என்று எழுதி வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில், மாற்ற வேண்டியும் மாற்றாதவை! "இடது பக்கத்து ஷொக் அப்சோபர் முடிந்துவிட்டது, ஏசி குளிராது. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும்" என்றார் சிங்களத்தில்.

அங்கேதான் மச்சான் எனக்கு ஒரு பாடம் நடத்தினார். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய் ஸ்டார்ட் பண்ண வேண்டும், சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். புகை நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. ஒயில் மூடியின் உட்புறம் பால் தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் செய்தது. ஓடிய தூரம் குறைவு என்று மீற்றர் சொன்னாலும் பிறேக் மிதிபலகையின் இறப்பர் தேய்ந்திருந்தால் இறப்பரையே நம்புங்கள். செஸி இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒன்றா, புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் நிற்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட வெற்றுப் பத்திரத்தோடு வாகனத்தை வாங்கி, பெயர் மாற்றாமல் ஓட்டாதீர்கள். நாளை ஒரு விபத்து என்றால் பொறுப்பு யார் தலையில் விழும்?

இன்னொன்று. ஏழு ஆசனம் என்றால் ஏழு பேரையும் கூட்டிப் போய் உட்காரவைத்துப் பாருங்கள். ஏழு பேரின் பாரம் ஏறியதும் ஏற்றத்தில் இயந்திரமும் இறக்கத்தில் பிறேக்கும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். மலை இறங்கும்போது பிறேக்கை மட்டும் நம்பாமல் சிறிய கியரில் இறங்க வேண்டும். அப்படி இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

விலை எங்கள் கைக்குச் சற்று மேலே நின்றது. "மீதிக்கு லீசிங் போடலாமே" என்றார் ஒரு தரகர். வட்டியில் கால் வைக்க எனக்கு மனமில்லை. வாகனத்தை வங்கி தன் பெயரில் வாங்கி நமக்கு வாடகைக்கு விடும் இஜாரா முறை இருக்கிறது. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இலங்கையில் அதற்கு வழி பிறந்தது. 2011இல் அமானா வங்கி தொடங்கியது. ஆனால் மாதக் கட்டணம் எதுவாயினும் அது சம்பளத்திலிருந்துதானே போக வேண்டும்? ஹலாலான கடனும் கடன்தான். "வேன் விற்றதும் சொல்கிறேன்" என்று பெரியவரிடம் விடைபெற்றோம். வேனுக்கு நல்ல விலை கிடைத்தால் மொன்டெரோ எங்களுடையது.

இனி அந்த விசயம். 2017 மே மாதம், இரத்தினபுரியில் உறவினர் வீட்டில் தங்கிய இரவில், எங்கள் வேன் ஆசனம் வரை தண்ணீரில் நின்றது. கழுவினோம், காய வைத்தோம், ஓடியது. ஆனால் மழைக்காலங்களில் ஹோர்ன் அடிக்காது, பிறேக் லைட் எரியாது. சில வேளை ஓடிக்கொண்டிருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடும்.

நாங்கள் திரும்பிய மறுநாள், பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவர் வேனைப் பார்க்க வந்தார். லயத்துப் பிள்ளைகளை முன்பள்ளிக்கு ஏற்றிப் போகப் போகிறாராம். வெயில் நாள். ஹோர்ன் அடித்துப் பார்த்தார், நன்றாக அடித்தது. கேட்ட விலைக்கே சம்மதித்தார். கையில் முற்பணமும் இருந்தது.

ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்வை எத்தனை வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அன்று என் நாக்கு அசையச் சிறிது நேரம் எடுத்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை. முந்திய நாள் அந்த ஹைபிரிட்டின் ஆசனத்துக்குக் கீழே கைவிட்டு முகம் சுளித்தவர்கள் நாங்கள்தானே.

"தம்பி, இந்த வேன் வெள்ளத்தில் நின்றது" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் வேனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "சேர், அப்ப பிள்ளைங்கள ஏத்தலாமா, ஏத்தக்கூடாதா? அத மட்டும் சொல்லுங்க."

"வயரிங் முழுவதையும் மாற்றினால் ஏற்றலாம். மாற்றாமல் ஏற்ற வேண்டாம்."

மூன்று இலட்சம் குறைத்துக் கொடுத்தேன். என் முன்னாலேயே கராஜில் விட்டு வயரிங் மாற்ற வேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை. மொன்டெரோ கைநழுவியது. மாவனல்லைப் பெரியவருக்குத் தொலைபேசியில் சொன்னேன், "நல்லது, வேறு ஒருவர் கேட்டிருக்கிறார்" என்றார். மனைவி அன்று முழுவதும் அதிகம் பேசவில்லை. உம்மா மட்டும், "பரக்கத் வேற இடத்தால வரும் மகன்" என்றார்.

இரண்டு மாதம் கழித்து பலாங்கொடைப் பக்கத்தில் 1997ஆம் வருடத்துப் பஜெரோ ஒன்று கிடைத்தது. அதுவும் ஏழு ஆசனம், டீசல். நிறம் மங்கியது, ஏசி இல்லை, டீசல் கொஞ்சம் அதிகமாகவே குடிக்கிறது. ஆனால் அதன் சட்டத்தில் துரு இல்லை, ஆசனத்துப் பட்டியின் அடி வெள்ளையாக இருந்தது. உம்மா ஏறுவதற்கு ஒரு மரப்படி செய்து பின்னால் வைத்திருக்கிறோம். அதை எடுத்து வைப்பது மூத்தவனின் வேலை. கடன் எதுவும் இல்லை.

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டைத் தாண்டி அந்தச் சிறு வேன் பிள்ளைகளோடு இறங்கிப் போகும். வளைவில் ஹோர்ன் அடிப்பார் அந்தத் தம்பி. மழை நாட்களில் அந்தச் சத்தம் கேட்கும் வரை நான் வாசலிலேயே நிற்பது வழக்கமாகிவிட்டது.

வாகனம் வாங்கப் போகும் சகோதரர்களே, பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். விற்கப் போகிறவர்களே, அவர்கள் இழுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வஸ்ஸலாம்.