பாகு பதம் பார்க்கும் கை

கழுகுமலையில் பஸ் இறங்கி, கழுகாசலமூர்த்தி கோயில் பக்கம் நடந்தால் கடைகளின் முன்வரிசையில் கடலைமிட்டாய்தான் முதலில் கண்ணில் படுகிறது. வெட்டுவான் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு மலையிலிருந்து இறங்குகிறவர்கள், ஊருக்குப் போகும்போது ஒரு பாக்கெட்டாவது வாங்கிக்கொள்கிறார்கள். அதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் செய்வது. இன்னொன்று, எங்கோ ஒரு பெரிய ஆலையில் செய்து பளபளக்கும் உறையில் லாரியேறி வருவது. அதே தெருவில் ஒரு பேக்கரி வாசலில் ‘இத்தாலியன் பீட்சா’ என்று பலகை வைத்திருந்தார்கள். அசல் எது, பெயர் எது என்று பார்க்க, பீட்சாவின் ஊரான இத்தாலியின் நேப்பிள்ஸ் வரை போக வேண்டியதில்லை. இந்த ஒரு தெரு போதும்.

இரண்டு வகையிலும் ஒவ்வொன்று வாங்கினேன். ஆலைத் துண்டை ஒடித்தால் உடனே ஒடியவில்லை. வளைந்து, இழுபட்டு, பிறகுதான் விட்டது. வாயில் போட்டதும் பல்லில் ஒட்டியது. உறையின் பின்பக்கம் பார்த்தேன். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதி. கடலைக்கும் சர்க்கரைக்கும் அடுத்து ‘லிக்விட் குளுக்கோஸ்’ என்று இருந்தது. உள்ளூர்த் துண்டோ ‘படக்’கென்று ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் பருப்பு நெருக்கமாகத் தெரிந்தது. நடுவில் வெல்லம் கண்ணாடிபோல் மெல்லிசாக ஓடியிருந்தது. மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் நிறங்களில் தேங்காய்ப்பூ.

கடைக்காரர் வழி சொல்ல, பின்தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். வாசலிலேயே வறுபட்ட கடலை வாசனை. உள்ளே இரும்புச் சட்டியில் மணலைச் சூடேற்றி, அதில் பருப்பைக் கொட்டிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மணலில் வறுத்தால்தான் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பிடிக்கும், கருகாது. வறுத்ததைச் சலித்து, தோல் போகத் தேய்த்து, இரண்டு பெண்கள் சொளகில் புடைத்தார்கள். தோல் பறந்து வாசலுக்குப் போக, பருப்பு பாதி பாதியாக உடைந்து சொளகிலேயே நின்றது.

அடுத்த அடுப்பில் பாகு. வெல்லத்தைக் கரைத்து, மண்ணும் தூசியும் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விட்டிருந்தார்கள். அடுப்படியில் நின்ற அண்ணாச்சி பேச்சை நிறுத்தவில்லை; ஆனால் கண் சட்டியை விட்டு நகரவும் இல்லை. நுரை பெரிசாக இருந்தது, சிறுத்தது, நிறம் மாறியது. ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். விரலால் திரட்டி எடுத்துத் தாம்பாளத்தில் போட்டார். சத்தம் வரவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. இந்தத் தடவை ‘டங்’. அந்த நொடியிலேயே பருப்பு உள்ளே விழுந்தது. நாலு கிளறு கிளறி, மாவு தூவிய பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டிப் பரப்பி, சூடு ஆறுமுன் கத்தி போட்டார்கள்.

“குளுக்கோஸ் ஊத்தலையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“அதை ஊத்திட்டா யாரு வேணும்னாலும் கிண்டலாம் தம்பி. பாகு முந்தினாலும் பிந்தினாலும் அது சமாளிச்சிரும். வெறும் வெல்லம் அப்படி இல்ல. கொஞ்சம் முந்தி இறக்கினா பிசுபிசுக்கும், பிந்தினா கசக்கும். நாம கண்ணசந்தா ஒரு சட்டிச் சரக்கும் போச்சு” என்றார்.

ரோமில் ஆல்ஃபிரடோ தி லேலியோ என்ற சமையல்காரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர் வாங்கிக்கொடுத்த பாஸ்தாவின் கதையும் இதுதான். அவர் பெயரால் உலகமெங்கும் வழங்கும் அந்தப் பண்டத்தில் அசலுக்கு வேண்டியது வெண்ணெய், பர்மிஜானோ சீஸ், பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர், அவ்வளவுதான். மூன்றும் சேர்ந்து திரியாமல் வழவழப்பாகத் திரண்டு வருவது சூட்டிலும் கைவேகத்திலும் இருக்கிறது. அமெரிக்காவின் சங்கிலி உணவகங்களில் அதற்குள் கிரீம் வந்தது. கிரீம் இருந்தால் சாஸ் பிரியாது, நேரம் தவறினாலும் கெடாது, நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பரிமாறிவிடலாம். கிரீம் அங்கே செய்கிற வேலையைக் குளுக்கோஸ் இங்கே செய்கிறது. வெல்லமும் சர்க்கரையும் ஆறும்போது பூத்துப்போகாமல் அது தடுக்கிறது, ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. கைப்பக்குவம் இருந்த இடத்தில் ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஆயிரம் கடையிலும் ஒரே ருசி வேண்டுமென்றால் ஆளுக்கு ஆள் மாறும் கையை நம்ப முடியாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அப்படிச் செய்ததற்கு அசலின் பெயரைச் சூட்டுவது தவறு.

பழையது என்பதால் மட்டும் ஒன்று அசலாகிவிடாது. நேப்பிள்ஸ்காரர்கள் உயிராக நினைக்கும் தக்காளியும், நம் கடலைமிட்டாய்க்கு உயிரான நிலக்கடலையும் கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தவை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கே வயது நூறு ஆகவில்லை. 1940களில் பலசரக்குக் கடை நடத்திய பொன்னம்பல நாடார் அதை வியாபாரமாக்கினார் என்பதே ஊரறிந்த வரலாறு. கரிசல் கடலையும், தேனிப் பக்கத்து வெல்லமும், தாமிரபரணித் தண்ணீரும், பதம் தெரிந்த கையும் ஒன்றுசேர்ந்து இந்த ருசியை உண்டாக்கின. எங்கிருந்து வந்த பயிராக இருந்தாலும், ஒரு மண்ணில் ஊன்றி, ஒரு கைக்குப் பழகி, பத்துப் பேர் ருசியில் தேர்ந்தால் அது அந்த ஊரின் அசல்.

அப்படித் தேர்ந்ததைக் காப்பாற்ற இத்தாலியர்கள் சட்டத்தைக் கையிலெடுத்தார்கள். நேப்பிள்ஸில் 1984இல் பீட்சாவுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் நேப்பிள்ஸ் பீட்சாவின் செய்முறையைப் பதிவுசெய்தது: விறகு அடுப்பு, சுமார் 485 டிகிரி செல்சியஸ் சூடு, 60 முதல் 90 விநாடி வேக்காடு, 35 சென்டிமீட்டருக்கு மேற்படாத விட்டம். பர்மிஜானோவுக்குப் பால், உப்பு, உறைப்பொருள் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். ‘பர்மேசான்’ என்ற பெயரும் அந்தச் சீஸையே நினைவூட்டுகிறது என்று 2008இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் உற்பத்தியாளர்களும் சும்மா இருக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து 2014இல் விண்ணப்பித்து, 2020 ஏப்ரலில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். கோவில்பட்டியில் மட்டுமல்ல, தூத்துக்குடி மாவட்டத்தில் அதை அடுத்த ஊர்களில் செய்வதற்கும் அது பொருந்தும். பெயருக்கு வேலி கட்டியாயிற்று.

ஆனால் பட்டறையில் நான் பார்த்த கவலை வேறு. பாகு பதம் பார்க்கத் தெரிந்தவர் அங்கே அண்ணாச்சி ஒருவர்தான். “பையனுவ எல்லாம் திருப்பூர், சென்னைன்னு போயிட்டானுவ. இந்த வெக்கையில நிக்க யாரு வருவா?” என்றார். இந்த இடத்தில்தான் இத்தாலியிடம் கற்றுக்கொள்ள இன்னொன்று இருக்கிறது. 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது பீட்சாவை அல்ல. நேப்பிள்ஸ் பீட்சாக்காரர்களின் கைத்தொழிலை. மாவை விரித்துச் சுழற்றி அடுப்பில் இறக்கும் அந்த வேலையை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் கலையாக அங்கீகரித்தார்கள்.

பாகு பதம் பார்ப்பதும் அப்படிப்பட்ட கலைதான். இந்த வட்டாரத்து ஐ.டி.ஐ.களில் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். கற்றவர்களுக்குச் சான்று கொடுக்கலாம். அடுப்படிக் கூலியை, வெளியூர் போனவன் திரும்பிவரும் அளவுக்கு உயர்த்தலாம். அதற்காகத் துண்டுக்குக் கொஞ்சம் விலை ஏறினால் நாம் கொடுக்க வேண்டும். கழுகுமலைக்கு வருகிறவர்கள் உறையின் முன்பக்கத்துப் பெயரோடு நின்றுவிடாமல், பின்பக்கத்தையும் படித்து, வெல்லத்தில் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கிறவர் இருக்கும்வரைதான் அந்த அடுப்பு எரியும்.