சாம்பலை முதல்ல அள்ளுங்க

"கோயிலுக்குப் போறேன் டாக்டர். பாடுறேன், முழங்கால் போடுறேன், காணிக்கை போடுறேன், வீட்டுக்கு வந்துடறேன். உள்ளுக்குள்ள ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது."

இதையே வேற வேற வார்த்தைகளில் பல பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கூட நைட் டியூட்டி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, மாதாமாதம் சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ரிட்டயர்டு வாத்தியார், ஒரு முறை ஒரு போதகரின் மனைவியே. சபையில் சொல்லக் கூச்சம். டாக்டரிடம் என்றால் பிபி பார்க்கிற சாக்கில் சொல்லிவிடலாம்.

எனக்கும் இந்த வறட்சி தெரியும். அதனால் இன்னைக்கு டெங்கு, சர்க்கரை எல்லாம் கிடையாது, இதைப் பற்றித்தான் இழை. கொஞ்சம் நீளம். கிறிஸ்தவர் அல்லாத சொந்தங்களும் படிக்கலாம், உங்க வீட்டு பூஜை அறைக்கும் தொழுகைக்கும் பொருந்துவது இதில் கொஞ்சம் இருக்கும்.

முதலில் டாக்டர் வேலையை முடிச்சுடறேன்.

ஆராதனையில் மட்டும்தான் ருசி இல்லையா, இல்ல எதிலுமே ருசி இல்லையா? பிடிச்ச சாப்பாடு, பேரப்பிள்ளை, டிவியில் கிரிக்கெட், எதுவுமே ஒட்டல, தூக்கம் கெட்டுப்போச்சு, காலையில் எழும்பவே முடியல, இப்படி 2 வாரத்துக்கு மேல் போகுது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். "பின்மாற்றம்" என்று பெயர் வைத்து உபவாசம் போட வேண்டாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்க, தைராய்டு பாருங்க, மனநல மருத்துவரைப் பாருங்க. வெளியே வரத் தயக்கமா? டெலிமானஸ் எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்த இழையை இங்கேயே மூடிட்டு முதலில் அந்த எண்ணை அழுத்துங்க.

மற்றதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஜெபமும் ஆராதனையும் மட்டும்தான் சப்புன்னு இருக்கு என்பவர்களுக்கு மேலே சொல்றேன்.

இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. எகிப்து பாலைவனத்தில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதற்கு கிட்டத்தட்ட ஒரு கேஸ் ஷீட்டே எழுதி வைத்திருக்கிறார். துறவி தன் அறையில் உட்கார்ந்திருக்கிறார். சூரியன் நகர்ற மாதிரியே தெரியலை. ஜன்னல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார், சாப்பாட்டு நேரமான ஒன்பதாம் மணி வர இன்னும் எவ்வளவு இருக்கு என்று. இருக்கிற இடமே வெறுத்துப்போகுது. கூட இருப்பவர்களுக்கு அன்பே இல்லைன்னு தோணுது. வேற எங்காவது போனா நல்லா ஜெபிக்கலாமோ என்று மனசு அலையுது.

படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு. பன்னிரண்டரை மணிக்கு ஓ.பி.யில் இன்னும் அறுபது பேர் வரிசையில் நிற்கும்போது என் முகம் அப்படித்தான் இருக்கும். எவாக்ரியுஸ் இதற்கு வைத்த பெயர் மத்தியான வேளைப் பிசாசு. 91ஆம் சங்கீதத்தில் மத்தியானத்தில் வரும் அழிவைப் பற்றி ஒரு வரி உண்டு, அதிலிருந்து எடுத்தது. அவர் எழுதிய மருந்துச் சீட்டு ரொம்பச் சின்னது: அறையை விட்டு எழுந்து போகாதே.

இன்னொரு கேஸ் நம்ம நாட்டிலேயே. அன்னை தெரேசா 1997இல் இறந்தார். 2007இல் அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாக வந்தபோது உலகமே அதிர்ந்தது. கொல்கத்தாவில் வேலையைத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள், கடவுள் கூட இருக்கிறார் என்ற உணர்வே இல்லாமல் இருட்டில் இருந்ததாக எழுதியிருக்கிறார். சிலர் "பாத்தீங்களா, அந்தம்மாவுக்கே நம்பிக்கை இல்லை" என்று எழுதினார்கள். எனக்கு அது தலைகீழாகத்தான் பட்டது. உணர்வு ஒண்ணும் இல்லாமலேயே ஒருத்தர் தினமும் விடிகாலையில் எழுந்து அதே ஜெபத்தைச் சொல்லிட்டு, அதே தெருவில் இறங்கி, அதே புண்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார். நம்பிக்கை இல்லாதவங்க செய்ற வேலையா அது?

மூளைக்கு ஒரு பழக்கம் உண்டு. திரும்பத் திரும்ப வரும் ஒரே சமிக்ஞையை அது கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது உங்களுக்கு பினாயில் வாசம் மூக்கைத் துளைக்கும், எனக்கு வாசமே தெரியாது. முப்பது வருஷம் ஒரே பாட்டை, ஒரே முறைமையைக் கேட்ட காதுக்கும் அதுதான் நடக்குது. இதில் குற்ற உணர்ச்சிக்கு இடமே இல்லை. ஆனா அப்படியே விட்டுடலாமா?

வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு ஒரு கடிதம் இருக்கு. எபேசு இன்றைய துருக்கியில் இருக்கும் ஊர், இடிபாடுகளை இப்பவும் போய்ப் பார்க்கலாம். அந்தச் சபை நல்லா உழைச்ச சபை, பொறுமையான சபை. குறை ஒண்ணே ஒண்ணு, ஆதியில் இருந்த அன்பு இப்போ இல்லை. சரி, அதுக்கு என்ன செய்யச் சொல்லுது அந்தக் கடிதம்? "மறுபடியும் அதே மாதிரி உணர்" என்று சொல்லவில்லை. நினைத்துப் பார், திரும்பு, முதலில் செய்த காரியங்களைச் செய் என்கிறது. மூணுமே வினைச்சொல். உணர்ச்சியை யாரும் யாருக்கும் கட்டளை போட முடியாது, செயலைப் போடலாம். நானும் "சந்தோஷமா இருங்க" என்று சீட்டில் எழுதித் தரமாட்டேன், "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றுதான் எழுதுவேன்.

இதைவிட எனக்குப் பிடிச்சது லேவியராகமம் 6ஆம் அதிகாரம். பொதுவா யாரும் ஆசையாகப் படிக்காத புத்தகம், பலி, கொழுப்பு, இரத்தம் என்று போகும். அதில் பலிபீடத்து நெருப்பு அணையவே கூடாது என்று ஒரு விதி. யார் பார்த்துக்கணும்? ஆசாரியன். எப்படி? தினமும் காலையில் விறகு வைக்கணும். நெருப்பு முதலில் கர்த்தரிடமிருந்து வந்தது என்று 9ஆம் அதிகாரம் சொல்லுது. ஆனா விறகு வானத்திலிருந்து வராது. அது மனுஷன் வேலை, அதுவும் காலை வேலை.

விறகு வைப்பதற்கு முன்னால் இன்னொரு வேலை சொல்லியிருக்கு, அதைத்தான் நாம தாண்டிப் போயிடறோம். ஆசாரியன் முதலில் சணல்நூல் உடுப்பைப் போட்டுக்கிட்டு நேற்றைய சாம்பலை அள்ளணும். அப்புறம் உடுப்பு மாத்திட்டு, அந்தச் சாம்பலைப் பாளையத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டணும். தினமும்.

விறகடுப்பு எரித்த பாட்டிகளைக் கேளுங்க. விறகு நல்ல விறகுதான், ஆனா அடுப்பில் சாம்பல் மேடு கட்டியிருந்தா காற்று போகாது, புகைஞ்சுக்கிட்டே இருக்கும். ஊதி ஊதி கண்ணுதான் எரியும்.

அந்தச் சாம்பல் எது? உடனே "பாவம்" என்று சொல்லத் தோணும். எனக்கு அப்படித் தோணலை. சாம்பல் என்பது நேற்று நல்லா எரிஞ்ச நெருப்பின் மிச்சம். பத்து வருஷம் முன்னாடி வாலிபர் முகாமில் அழுதோமே, அந்தக் கன்வென்ஷனில் உடம்பெல்லாம் சிலிர்த்துச்சே, அந்த ஞாபகம்தான் பல பேருக்குச் சாம்பல். ஒவ்வொரு ஞாயிறும் அதே சிலிர்ப்பு வருதா என்று அளந்து பார்த்து, வரலைன்னா ஏமாந்து போறது. அது நல்ல நெருப்புதான், சந்தேகமே இல்லை. ஆனா அது எரிஞ்சு முடிஞ்சது. நன்றி சொல்லி அள்ளிக் கொட்டிட்டு இன்னைக்கான விறகை வைக்கணும்.

"சரி டாக்டர், விறகுன்னா என்ன? ஜெபிக்க உட்கார்ந்தா வார்த்தையே வர மாட்டேங்குதே!"

உங்க சொந்த வார்த்தை வர வேண்டிய கட்டாயமே இல்லை. முதல் நூற்றாண்டு சபைகளின் கைப்புத்தகம் மாதிரி ஒன்று இருக்கு, திதாகே என்று பெயர். அதில் கர்த்தருடைய ஜெபத்தை, அதான் பரமண்டல ஜெபத்தை, நாளுக்கு மூணு தடவை சொல்லுங்கன்னு இருக்கு. அவ்வளவுதான். உருக்கமா சொல்லு, அழுதுக்கிட்டு சொல்லு என்றெல்லாம் இல்லை.

அப்புறம் மடங்களில் இரவும் பகலுமாக எட்டு வேளை ஜெபம் என்று வளர்ந்தது. வயலுக்குப் போறவனும் கடை வைத்திருப்பவனும் எட்டு வேளைக்கு எங்கே போவான்? இங்கிலாந்தில் 1549இல் தாமஸ் கிரான்மர் தலைமையில் வந்த பொது ஜெபப் புத்தகம் அதைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியது. 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பிரித்து வைத்தது. நம்ம ஊர் சி.எஸ்.ஐ. சபைகளில் ஆங்கிலிக்கன் வழி வந்தவற்றின் காலை, மாலை ஆராதனை முறைமைக்கு வேர் அதுதான்.

இந்த 30 நாள் கணக்கு எவ்வளவு நல்லது என்று செய்து பார்த்தால்தான் தெரியும். இன்னைக்கு உங்க மூடுக்கு ஏத்த சங்கீதத்தை நீங்க தேர்ந்தெடுக்க முடியாது. நீங்க சந்தோஷமா இருக்கும் நாளில் புலம்பல் வரும், நொந்துபோன நாளில் துதி வரும். அந்த அட்டவணையில் ஒவ்வொரு மாதமும் 17ஆம் தேதி காலை 88ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் கொஞ்சம் வெளிச்சத்தில் முடியும், இது இருட்டிலேயே முடியும். இன்னைக்கு எனக்கு அது பொருந்தாமல் இருக்கலாம். ஆனா இதே வரிகள் அப்படியே பொருந்தும் யாரோ மூணாவது வார்டில் படுத்திருப்பாங்க. அவங்களுக்காகப் படிக்கிறேன்.

எத்தனை நாள் ஆகும் இது பழக்கமாக? லண்டனில் 96 பேரை வைத்து ஃபிலிப்பா லாலி என்பவர் குழுவாகச் செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு புதுச் செயல் தானாக வரும் பழக்கமாக சராசரியா 66 நாள். ஆனா ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போச்சு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லைன்னும் அதில் தெரிஞ்சது. அதனால் ஒரு நாள் விட்டா "எல்லாம் போச்சு" என்று முழுசா கைவிடாதீங்க. இன்னொரு விஷயம், அவங்க எல்லாரும் புதுப் பழக்கத்தை ஏற்கெனவே தினமும் செய்ற ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டாங்க. என் மாதிரி ஷிப்ட் ஆட்களுக்கு அதுதான் வழி. "காலை 5 மணி" என்பது நைட் டியூட்டி வாரத்தில் நடக்காது. "பல் தேய்ச்சதும், காபிக்கு முன்னாடி" என்பது எந்த ஷிப்டிலும் நடக்கும். போனில் இல்லாமல் காகித வேதாகமத்தில் படிங்க. போனில் சங்கீதத்துக்கும் வாட்ஸப்புக்கும் நடுவில் ஒரு விரல் தூரம்தான்.

வாய்விட்டுப் படிங்க, மெதுவா. 2001இல் ஒரு இத்தாலிய ஆய்வு 23 பேரிடம் செய்தது. லத்தீனில் மரியே வாழ்க ஜெபத்தைச் சொன்னபோதும், யோக மந்திரம் சொன்னபோதும், மூச்சு நிமிஷத்துக்கு 6 அளவுக்கு இறங்கி, இதயத் துடிப்பும் அதோடு ஒரு தாளத்துக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா இதைச் சொல்லி ஜெபத்தை பிபி மாத்திரையாக விற்க நான் வரலை. மாத்திரையை நிறுத்திட்டு ஜெபம் மட்டும் பண்றேன் என்று வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்தவங்களைப் பார்த்திருக்கேன். ஜெபமும் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க.

இதை மறைக்கவும் கூடாது: 2006இல் அமெரிக்காவில் பைபாஸ் ஆபரேஷன் செய்த 1,802 பேரை வைத்து, பிறர் ஜெபித்தால் சிக்கல் குறையுதா என்று பார்த்தார்கள். குறையலை. படிச்சப்போ என் விசுவாசம் ஆடலை. கடவுளை ஒரு மருந்து மாதிரி டோஸ் போட்டு அளக்க முடியும் என்ற நினைப்புதான் ஆடிச்சு.

எதுக்கு அப்புறம் ஜெபம்? ஒரு விஷயம் சொல்றேன், அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கு வெளியே ஒரு அம்மா. எடை குறைஞ்ச குழந்தை உள்ளே. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த வராந்தாவில் உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. "வேற எதுவும் வாயில வரல சார், எங்க ஆச்சி சின்னதுல தினமும் சொல்ல வெச்சது இது மட்டும்தான் வருது" என்றாங்க. குழந்தை நாலாம் நாள் போயிடுச்சு. துணியில் சுத்தி கையில் கொடுத்தபோது, அந்தம்மா அதே ஜெபத்தை அதே மெல்லிய குரலில் குழந்தை காதில் சொன்னாங்க. நர்ஸ்கள் யாரும் நகரலை.

அந்த ஆச்சி தினமும் சாயந்திரம் பேத்தியை உட்கார வெச்சுச் சொல்ல வெச்சப்போ, பேத்திக்கு எத்தனை நாள் போரடிச்சிருக்கும்!

ஞாயிறு ஆராதனைக்கு வர்றேன். தினமும் ரவுண்ட்ஸ் போற வார்டில் எந்தக் கட்டிலில் யார், நேற்று ஜுரம் எவ்வளவு, எல்லாம் கைவசம் இருக்கும். வாரம் ஒரு தடவை மட்டும் போனா ஒவ்வொரு தடவையும் கேஸ் ஷீட்டை முதலிலிருந்து படிக்கணும். ஞாயிறு மட்டும் ஜெபிக்கிற மனசுக்கும் இதே கதைதான், ஒன்றரை மணி நேர ஆராதனையில் சூடு ஏறவே ஒரு மணி நேரம் ஆயிடும். அதனால் சங்கீதத்தோடு சேர்த்து உங்க சபையில் மூணு பேர் பெயரைச் சொல்லி வாரம் பூரா ஜெபிச்சுப் பாருங்க. அதில் ஒருத்தர் உங்களுக்குப் பிடிக்காதவரா இருக்கட்டும். ஞாயிறு அன்னைக்கு அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது நீங்க பாடுற பாட்டு வேற மாதிரி கேட்கும். பாட்டு அதேதான்.

டியூட்டியால் ஞாயிறு கோயிலுக்குப் போக முடியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரோமப் பேரரசில் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வு நாளாக அறிவித்தது 321இல்தான். அதுவரை ஏறத்தாழ மூணு நூற்றாண்டு கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு வேலை நாள். சுமார் 112இல் ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியும் முன் கூடி கிறிஸ்துவைப் பாடுகிறார்கள் என்று எழுதியிருக்கார். பாடி முடிச்சுட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. நீங்களும் நானும் அந்த வரிசைதான்.

காலை, மாலை அட்டவணை கையில் இல்லைன்னா எளிமையான கணக்கு ஒண்ணு இருக்கு. இன்னைக்குத் தேதியை 5ஆல் பெருக்குங்க. அந்த எண்ணில் முடியும் ஐந்து சங்கீதங்கள் இன்றைய பங்கு. 4ஆம் தேதின்னா 16 முதல் 20 வரை. நேரம் இல்லைன்னா அதில் ஒண்ணு போதும். 119 மட்டும் 176 வசனம், 24ஆம் தேதி வரும், அதை இரண்டு மூணு நாளுக்குப் பிரிச்சுக்கோங்க. 31ஆம் தேதி வந்தா 30ஆம் தேதி படிச்சதையே இன்னொரு தடவை படிங்க, பழைய ஜெபப் புத்தகமும் அப்படித்தான் சொல்லுது.